எண்ணெய்க் கிணத்துல டிப்ளீட் ஆன (உறிஞ்சி பிரஷர் இறங்குன) லேயர் நடுவுல லைனர் சிமெண்ட்: ரிட்டர்ன்ஸ் ஃபுல், ப்ளக் பம்ப் ஆச்சு, ஆனா கேஸ் வருது. எங்க தப்பு?

ஷூட்ராக்_செந்தில்
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்கு தான் முதல் இழை போடுறேன். ஃபீல்டு பேரு கம்பெனி பேரு கேக்காதீங்க, சொல்ல முடியாது. பழைய கடல் பிளாட்ஃபார்ம், பழைய கிணத்துலேர்ந்து சைடுட்ராக் (பக்கவாட்டுல வெட்டுன புது ஹோல்), 8½ இன்ச் ஹோல்ல 7 இன்ச் லைனர் (அடியில தொங்கவிடுற இரும்புக் குழாய்). லைனர் டாப் 1000 மீட்டர், ஷூ (அதோட அடி முனை) 1450, எல்லாம் செங்குத்து ஆழம். சுண்ணாம்புக்கல்லு, நடுவுல நடுவுல ஷேல்.

மேல 1330ல ஒரு கேஸ் லேயர், அத யாரும் தொட்டதே இல்ல, பிரஷர் 1900 பிஎஸ்ஐ அப்படியே இருக்கு. 1420ல இருக்கறது தான் வருஷக்கணக்கா உறிஞ்சின லேயர், ஒரு காலத்துல 2000 இருந்தது இப்ப 1100. அதுக்குக் கீழ எங்களுக்கு வேண்டிய ஆயில். மட் (ஹோல்ல நிக்கிற தோண்டுற திரவம்) 1.08, தண்ணி 1ன்னா.

சாதா ஸ்லரி (தண்ணில கலக்குன சிமெண்ட்) 1.90 போட்டா கல்லு உடைஞ்சிடும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால கண்ணாடி பபிள் போட்டு 1.35 ஸ்லரி. ஜாப் அன்னிக்கி ஒரு சொட்டு லாஸ் இல்ல, ரிட்டர்ன்ஸ் (மேல திரும்பி வர்ற மட்) ஃபுல்லு, ப்ளக் பம்ப் ஆச்சு (சிமெண்ட்ட தள்ளிட்டுப் போற அடைப்பு அடியில உக்காந்துச்சு), ஃப்ளோட் (சிமெண்ட் திரும்பி வராம தடுக்கற வால்வு) ஹோல்ட் பண்ணுச்சு, கம்பெனி மேன் கைகுடுத்தாரு, டீ வந்துச்சு. 24 மணி நேரம் வெயிட் பண்ணி சிபிஎல் (சத்தம் அனுப்பி சிமெண்ட் பைப்புல ஒட்டியிருக்கான்னு பாக்கற லாக்) ஓட்டுனா ஆம்ப்ளிட்யூட் 25, 30 மில்லிவோல்ட். சிமெண்ட் சர்வீஸ் ஆளு "லைட் சிமெண்ட் அப்படித்தான் காட்டும்"னு சொல்லிட்டாரு. நம்பி கீழ பெர்ஃபரேட் பண்ணோம் (ஆயில் வர பைப்புல ஓட்டை போட்டோம்). ஒரு வாரம் ஆயில் நல்லா வந்துச்சு, அப்புறம் கேஸ் ஏறிக்கிட்டே போவுது. மேல இருக்க கேஸ் தான் பைப்புக்குப் பின்னாடி இறங்குதுன்னு ஆஃபீஸ்ல சொல்றாங்க. எனக்குப் புரியாதது ஒண்ணு தான், எல்லாமே சரியா நடந்த ஜாப் எப்படி ஃபெயில் ஆவும்?

மட்லாகர்_மணி
சிபிஎல் 25 காட்டும்போதே நிறுத்திருக்கணும் பாஸ். 7 இன்ச்சுக்கு ஃப்ரீ பைப் (சிமெண்ட்டே ஒட்டாத பைப்) 62 மில்லிவோல்ட், அதுல பாதி கிட்ட வந்துருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும். ஸ்க்வீஸ் பண்ணுங்க (ஓட்டை போட்டு சிமெண்ட்ட அழுத்தி பைப்புக்குப் பின்னாடி தள்ளுங்க).

பபிள்ராஜா
மணி, அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. அந்த சர்வீஸ் ஆளு சொன்னதுல பாதி உண்மை. தண்ணியோட அகூஸ்டிக் இம்பீடன்ஸ் (சத்தம் போறதுக்கு குடுக்கற தடை) 1.5, சாதா கிளாஸ் ஜி சிமெண்ட் செட் ஆனா 6 கிட்ட வரும், பபிள் சிமெண்ட் 3, மிஞ்சிப் போனா 4. பைப்போட சத்தத்த அமுக்குற வேலைய கனமான சிமெண்ட் செய்யிற அளவுக்கு இது செய்யாது. அதனால நல்லா ஒட்டின 1.35 சிமெண்ட்டும் 1.90யோட அளவுகோல்ல பாத்தா பாதி ஒட்டின மாதிரி தான் தெரியும். அந்த ஸ்லரியோட ஸ்ட்ரெந்த்த வச்சு 100 சதவீதம் பாண்டுன்னா எத்தன மில்லிவோல்ட் வரணும்னு முதல்ல கணக்கு போட்டு வச்சிருக்கணும். போட்டீங்களா செந்தில்?

ஷூட்ராக்_செந்தில்
இல்ல. லாக் ஹெட்டர்ல 1.90 சிமெண்ட்டுக்கான நம்பர் தான் இருந்துச்சு, இப்ப தான் எடுத்துப் பாத்தேன்.

பபிள்ராஜா
அப்ப அந்த லாகு நல்லதும் சொல்லல கெட்டதும் சொல்லல. அத வச்சு ஸ்க்வீஸ் பண்றதும் தப்பு, நம்பி பெர்ஃபரேட் பண்ணதும் தப்பு.

பெட்ரோ_மூணாம்வருஷம்
அண்ணா எல்லாருக்கும், நான் காலேஜ்ல படிக்கிறேன், ஒரு சந்தேகம். பிரஷர் கம்மியான லேயர்னா உள்ள ஏதும் அடிக்கற பயம் இல்லல்ல, அப்ப சிமெண்ட் பண்றது ஈஸி தானே? ஏன் இவ்ளோ பபிள் எல்லாம்?

டூல்புஷர்_மாமா
தம்பி நல்ல கேள்வி. நீ சொல்றது ஊதுறத பத்தி, இங்க பயம் ஒடையறத பத்தி. ஒரு கல்லு உள்ள இருக்க பிரஷரும் சேர்ந்து தான் அத தாங்கி நிக்குது. உள்ள இருக்கறத உறிஞ்சி எடுத்துட்டா கல்லு ஒடையற பிரஷரும் சேந்து இறங்கும். முழுசா இறங்காது, உள்ள 100 இறங்குனா ஒடையறது தோராயமா 50லேர்ந்து 70 வரைக்கும் இறங்கும், ஃபீல்டுக்கு ஃபீல்டு மாறும். செந்தில் கிணத்துல 2000 இருந்தது 1100 ஆச்சு, 900 போச்சு. முன்ன 3000ல ஒடையும்னு வச்சுக்கிட்டா 60 சதவீதம் கணக்குல 540 கழியும், இப்ப 2460ல ஒடையும்.

இப்ப மேல நிக்கிற எடைய பாரு. மட் 1.08, 1000 மீட்டர், அது 1536 பிஎஸ்ஐ. அதுக்குக் கீழ 420 மீட்டர் சிமெண்ட், 1.90ன்னா 1135, கூட்டுனா 2671, ஒடைஞ்சுது முடிஞ்சுது. 1.35ன்னா 806, மொத்தம் 2342. பம்ப் பண்ணும்போது உராய்வுக்கு ஒரு 100 சேத்துக்கோ, 2442. பதினெட்டு பிஎஸ்ஐ கேப்புல ஜாப் முடிச்சிருக்காங்க, அதுக்கே அந்த க்ரூவுக்கு ஒரு சல்யூட்டு.

சரி மட்ட இன்னும் லைட் பண்ணலாமேன்னு கேப்ப. மேல கேஸ் லேயர் 1330ல 1900ல நிக்குது, அது தண்ணி எடைக்கு சமம், மட்ட கொறைச்சா அது உள்ள வந்துரும். ஒரே ஹோல்ல மேல ஒருத்தன் தள்ளுறான் கீழ ஒருத்தன் இழுக்குறான், நடுவுல நீ பூசணும்.

பெட்ரோ_மூணாம்வருஷம்
சூப்பர் மாமா, புரிஞ்சுது 🙏

குத்தாலம்காரன்
டூல்புஷர் மாமா கணக்க அப்படியே காப்பி பண்ணி வச்சுக்கிட்டேன். நான் ரிட்டயர்டு, பம்பாய் ஹைல இருந்தவன். 74ல கண்டுபுடிச்சாங்க 76ல ஆயில் எடுக்க ஆரம்பிச்சாங்க, அங்கயும் சுண்ணாம்புக்கல்லு தான், லேயர் லேயரா இருக்கும், நடுவுல ஷேல் சில இடத்துல விரக்கடை தான். அப்பல்லாம் ஏது பபிளு, பெண்டோனைட்ட போட்டு தண்ணிய அதிகமாக்கி இறக்குவோம். எடை கொறையும் சரி, ஆனா செட் ஆனா தோச மாவு மாதிரி இருக்கும், பலம் இருக்காது. கண்ணாடி குண்டு வந்தப்ப அது பெரிய வரம், தண்ணி சேக்காமயே எடை கொறையுது பாருங்க.

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கோ இல்லையோ சொல்லிடறேன், கிணத்துல சிமெண்ட் போடுற பழக்கமே லேயர பிரிக்கறதுக்குத் தான் ஆரம்பிச்சது. 1903ல கலிஃபோர்னியால லோம்போக்ல ஒரு கிணத்துல ஆயிலுக்கு மேல தண்ணி வந்து கெடுத்துச்சு, 50 மூட்டை சிமெண்ட்ட கலக்கி உள்ள விட்டு அடைச்சாங்க. அப்ப லாகும் கெடையாது ஒண்ணும் கெடையாது.

மட்லாகர்_மணி
சரி லாக விடுங்க. பபிள் நசுங்கியிருக்கும், எடை ஏறி லேயர் ஒடைஞ்சிருக்கும்.

ஷூட்ராக்_செந்தில்
நாங்க போட்டது 4000 பிஎஸ்ஐ ரேட்டிங், கீழ 2500 கூட வரல. பிரஷர் பேலன்ஸ்ல (அழுத்தத்துல வச்சு ஸ்லரி எடை பாக்கற தராசு) பாத்தப்பவும் 1.36 தான் இருந்துச்சு. ஒடைஞ்சிருந்தா ரிட்டர்ன்ஸ் கொறைஞ்சிருக்கணும்ல, ட்ரிப் டேங்க்க (மேல வர்ற மட்ட அளக்கற டேங்க்) நானே நின்னு பாத்தேன்.

கான்சிஸ்டோமீட்டர்
நான் லேப் ஆளு. எல்லாரும் பம்ப் ஓடுன நேரத்தையே பேசிட்டு இருக்கீங்க. பம்ப நிறுத்துன அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல. செந்தில் சார், லேப் ரிப்போர்ட்ல ஃப்ளூயிட் லாஸ் (ஸ்லரிலேர்ந்து பிழிஞ்சு வெளிய போற தண்ணி) எவ்ளோ?

ஷூட்ராக்_செந்தில்
30 நிமிஷத்துக்கு 180 மில்லி.

கான்சிஸ்டோமீட்டர்
180ஆ?? கேஸ் லேயர் இருக்க ஜாப்புக்கா?

ஷூட்ராக்_செந்தில்
முதல்ல 60 தான் கேட்டிருந்தோம். ஃப்ளூயிட் லாஸ் பாலிமர ஏத்துனா செட் ஆக ரொம்ப நேரம் ஆவுது, கிணறு ஆழம் கம்மி சூடு கம்மி, ரிக்கு ரேட்டு ஏறுதுன்னு பாலிமர கொறைச்சாங்க. "லைனர் தானே, பரவால்ல"ன்னு மீட்டிங்ல பேசி முடிச்சாங்க, நானும் அங்க தான் ஒக்காந்திருந்தேன்.

கான்சிஸ்டோமீட்டர்
இப்ப கேளுங்க, கொஞ்சம் நீளமா போவும்.

ஸ்லரி தண்ணியா இருக்க வரைக்கும் அதோட முழு எடையும் கீழ இறங்கும். 1330ல கேஸ் லேயருக்கு எதிர எவ்ளோ? மட் 1536, அதுக்குக் கீழ 330 மீட்டர் 1.35 ஸ்லரி 634, மொத்தம் 2170. கேஸ் 1900. அப்ப 270 பிஎஸ்ஐ நம்ம கையில மிச்சம், பம்ப் நின்ன நொடில நாம தான் ஜெயிச்சோம்.

அப்புறம் ஸ்லரி ஜெல் ஆவ ஆரம்பிக்குது. ஜெல் ஆனா ஹோல் சுவத்தையும் பைப்பையும் புடிச்சிக்கும், தன் எடைய தானே தாங்கிக்கும், கீழ குடுக்காது. எவ்ளோ ஜெல்லுக்கு இந்த 270 போவும்னு சிம்பிளா கணக்கு இருக்கு: 270ஐ 300ஆல பெருக்கி, ஹோலுக்கும் பைப்புக்கும் வித்தியாசம் 1½ இன்ச்சால பெருக்கி, 1083 அடி நீளத்தால வகுத்தா 112 வரும், நூறு சதுர அடிக்கு 112 பவுண்டு. கேஸ் நுழைய முடியாத அளவு கெட்டியாவ 500 வேணும்னு தான் பொதுவா வச்சுக்குவோம். 112லேர்ந்து 500 போற வரைக்கும் கதவு தெறந்து கிடக்கு. அந்த நேரம் 45 நிமிஷத்துக்குள்ள முடியணும்னு லேப்ல அடிச்சுக்குவோம்.

ஆனா ஜெல் மட்டும் பிரஷர கொறைக்காது, இத தான் பாதி பேரு விடுறாங்க. ஜெல் ஆன ஸ்லரி அப்படியே நின்னா பிரஷரும் அப்படியே பூட்டி நிக்கும். உள்ள இருக்கறது கொஞ்சமாவது வெளிய போவணும், அப்ப தான் இறங்கும். இங்க எங்க போவும்? 1420ல ஒருத்தன் 1100ல வாயத் தெறந்து வச்சிருக்கான். அவன் மேல 2342 நிக்குது, 1200 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம். 180 மில்லி ஸ்லரில தண்ணிய ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சுவான். தண்ணி போன எடத்துல சிமெண்ட் வறண்டு கேக் ஆவும், கீழ அளவு கொறையும், மேல இருக்க ஸ்லரி ஜெல்லா ஒட்டிக்கிட்டு இருக்கறதால இறங்கி அந்த எடத்த நிரப்பாது. நடுவுல பிரஷர் தண்ணி எடைக்கு வந்துரும், 1330ல அது 2005. கையில மிச்சம் 105. இன்னும் கொஞ்சம் உறிஞ்சினா அதுவும் போச்சு, 1900க்குக் கீழ. கேஸ் உள்ள வரும், அரைகுறை சிமெண்ட்ட துளைச்சிக்கிட்டு கீழ 1100 இருக்க பக்கம் வழி போட்டுக்கும். அந்த வழி அப்படியே செட் ஆவும்.

இது நடந்தப்ப உங்க ட்ரிப் டேங்க்ல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா மேல இருக்க மட்டுக்கு ஒண்ணும் ஆவல. நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க.

மட்லாகர்_மணி
😶

டூல்புஷர்_மாமா
அடேங்கப்பா. லேப் தம்பி, ஒரு சந்தேகம், ஷேல் நடுவுல இருக்குல்ல, கேஸ் நேரா அந்த லேயர் வரைக்கும் போவுமா? அதுக்கப்புறம் கீழ ஆயில் பெர்ஃபரேஷன் வரைக்கும் வேற வரணும்.

கான்சிஸ்டோமீட்டர்
சரியான எடத்துல புடிச்சீங்க மாமா. ஷேல் கல்லுக்குள்ள போவாது, ஷேலுக்கு எதிர இருக்க சிமெண்ட்டு வழியா தான் போவும், அந்த அடுக்குல பைப்பு ஒரு பக்கம் சாஞ்சு கிடந்தா அங்க மட் சரியா வெளிய போயிருக்காது, வழி ஏற்கனவே பாதி ரெடி. செந்தில் சார் சென்ட்ரலைசர் (பைப்ப ஹோல் நடுவுல நிறுத்தற வளையம்) எத்தன?

ஷூட்ராக்_செந்தில்
பிளான் ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் (பைப் துண்டு) ஒண்ணு. சைடுட்ராக் விண்டோல (பழைய குழாய்ல வெட்டுன வாசல்) மாட்டும்னு பயந்து ரெண்டு ஜாயிண்ட்டுக்கு ஒண்ணு ஆக்குனாங்க. ஹோல் அங்க 48 டிகிரி சாய்வு.

நெல்லை_நைட்ரஜன்
மக்கோண்டோவுல (மெக்சிகோ வளைகுடாவுல வெடிச்ச கிணறு) நடந்த அதே கத. 21 சென்ட்ரலைசர் போடச் சொன்னாங்க, 6 தான் போட்டாங்க. ஸ்லரில நைட்ரஜன் ஊதி லைட் பண்ணாங்க. லாக் ஓட்ட வந்த க்ரூவ 2010 ஏப்ரல் 20 காலைல திருப்பி அனுப்பிட்டாங்க, அன்னிக்கி ராத்திரி 11 பேரு செத்துப் போயிட்டாங்க. எல்லா இடத்துலயும் ரிட்டர்ன்ஸ் வந்துச்சு அதனால சிமெண்ட் ஓகேன்னு தான் ஆரம்பிக்குது.

பபிள்ராஜா
நெல்லை, ரிட்டர்ன்ஸ் விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஆனா மக்கோண்டோ டிப்ளீட்டட் ரிசர்வாயர் கெடையாது, புதுக் கிணறு. அங்கயும் ஒடையறதுக்கும் உள்ள வர்றதுக்கும் இடைவெளி ரொம்ப குறுகலு, அது தான் பொதுவானது. ரெண்டையும் குழப்பிட்டா நாளைக்கு யாராவது "பழைய ஃபீல்டுல ஊதுற அளவு பிரஷரே இல்ல"ன்னு அசால்ட்டா இருப்பாங்க.

அபர்டீன்_அருள்
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்கொட்லாந்தில. இதுக்கு மக்கோண்டோவ விட எல்ஜின் தான் பொருத்தம் எண்டு நினைக்கிறன். வடகடல் பிளாட்ஃபார்ம், 2012 மார்ச் 25ல வாயு கசிஞ்சது. ரிசர்வாயர் ஆரம்பத்தில 1100 பார், 190 டிகிரிக்கு மேல சூடு, 2001ல இருந்து எடுத்து எடுத்து பிரஷர் பயங்கரமா இறங்கிட்டுது. கசிஞ்ச வாயு அந்த ரிசர்வாயரில இருந்து வரேல்ல. அதுக்கு மேல இருக்கிற ஹொட் எண்ட சுண்ணாம்பு அடுக்கு, ஒருத்தரும் எடுக்கிற எண்ணமே இல்லாத அடுக்கு, அதில இருந்து கேசிங் பழுதான இடத்தால ஏறி வந்தது. அங்க குறை கேசிங் இரும்பில, செந்தில் அண்ணைக்கு குறை சிமெண்ட்டில, ஆனா ரெண்டிலயும் வில்லன் மேல சும்மா கிடந்த அடுக்கு தான். 238 பேரை இறக்கினவை, மே மாசம் நடுவில தான் மட் அடிச்சு நிப்பாட்டினவை.

குத்தாலம்காரன்
அருமையா சொன்னீங்க அருள். எங்க காலத்துலயும் புரோக்ராம்ல எடுக்கற லேயருக்கு மட்டும் பத்து பக்கம் இருக்கும், எடுக்காத லேயருக்கு ஒரு வரி.

மட்லாகர்_மணி
சரி இப்ப என்ன பண்றது? ஸ்க்வீஸ்னு நான் முதல்ல சொன்னேன் எல்லாரும் அடிக்க வந்தீங்க, இப்ப கடைசில அது தானே?

பபிள்ராஜா
வழி எங்க இருக்குன்னு தெரிஞ்சு பண்ணா ஸ்க்வீஸு, தெரியாம பண்ணா பைப்புல ஓட்டை. முதல்ல அல்ட்ராசோனிக் லாக், சும்மா ஒண்ணு, உள்ள 1000 பிஎஸ்ஐ குடுத்து ஒண்ணு. பிரஷர் குடுத்ததும் நல்லா ஆனா அது மைக்ரோ ஆனுலஸ், பைப்பு சுருங்கி விட்ட மயிரிழை இடைவெளி, பெரும்பாலும் விட்டுடலாம். மாறாம இருந்தா உண்மையான சேனல். அதுக்குள்ள கேஸ் இருந்தா இம்பீடன்ஸ் பூஜ்யத்துக்கிட்ட வரும், தண்ணியவிடக் கம்மி, தப்பிக்கவே முடியாது. கூட டெம்பரேச்சர் லாக் ஒண்ணு, கேஸ் விரியிற எடத்துல குளிரும்.

டூல்புஷர்_மாமா
ஸ்க்வீஸ்லயும் ஜாக்கிரதை செந்திலு. 1420ய ஒட்டி பிரஷர் குடுத்த, அது 2460ல ஒடைஞ்சு எல்லா சிமெண்ட்டையும் முழுங்கிரும், மூட்டை மூட்டையா. நிறுத்தி நிறுத்தி கொஞ்சம் கொஞ்சமா தள்ளு. சேனல் மெல்லிசா இருந்தா சாதா சிமெண்ட் துகளு உள்ள போவாது, ரொம்ப நைசா அரைச்ச மைக்ரோஃபைன் சிமெண்ட் கேளு.

ஷூட்ராக்_செந்தில்
(அஞ்சு வாரம் கழிச்சு) மன்னிக்கணும், ரிக்குல நெட்டு சரியில்ல. என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

உள்ள பிரஷர் குடுத்து லாக் ஓட்டுனோம், மாறல. 1335லேர்ந்து 1405 வரைக்கும் ஹோலோட கீழ்ப்பக்கமா ஒரே செவப்பு, வாயு. டெம்பரேச்சர் 1338ல டக்குனு இறங்குது. 1405க்குக் கீழ ஷேல்லயும் அதே கீழ்ப்பக்கம் மெல்லிசா ஒரு கோடு பெர்ஃபரேஷன் வரைக்கும் போவுது. லேப் தம்பி படம் வரைஞ்ச மாதிரி. ஆனா 1.35 சிமெண்ட்டு மத்த எடத்துல நல்லாவே நிக்குது, பபிள்ராஜா சொன்னதும் சரி, அந்த 25 மில்லிவோல்ட்ல பாதி நல்ல சிமெண்ட்டு தான்.

1396ல ஷேலுக்கு எதிர நாலு ஓட்டை போட்டு மைக்ரோஃபைன் ஸ்க்வீஸ். முதல் தடவ உள்ளயே போவல, பிரஷர் நேரா ஏறிடுச்சு, நிறுத்திட்டோம். ரெண்டாவது கொஞ்சம் ஆசிட் விட்டு அப்புறம் தள்ளுனோம், ரெண்டே ரெண்டு பேரல் போச்சு. கேஸ் பாதியா கொறைஞ்சிருக்கு. முழுசா நிக்கல. இனி இப்படியே ஓட்டலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க.

கான்சிஸ்டோமீட்டர்
பாதியே பெரிய விஷயம் சார். அடுத்த கிணறு?

ஷூட்ராக்_செந்தில்
அதே பிளாட்ஃபார்ம், பக்கத்து ஸ்லாட்டு, போன வாரம் தான் லைனர் இறங்குச்சு. ஆனுலஸ்ல (ஹோலுக்கும் பைப்புக்கும் நடுவுல இருக்க இடைவெளி) மேலேர்ந்து பிரஷர் குடுத்து வச்சா என்னன்னு கேட்டேன், 2342க்கும் 2460க்கும் நடுவுல 118 தான் இருக்கு, அத நம்பி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்டோம். அதுக்கு பதிலா ரெண்டு லேயருக்கு நடுவுல ஷேல்ல ஒரு ஸ்வெல் பேக்கர், ஆயில் பட்டா வீங்கற ரப்பர். சென்ட்ரலைசர் ஜாயிண்ட்டுக்கு ஒண்ணு, விண்டோல ரெண்டு எடத்துல மாட்டுச்சு, ஆட்டி ஆட்டி இறக்குனோம், மூணு மணி நேரம் கூட ஆச்சு.

மட்லாகர்_மணி
ஃப்ளூயிட் லாஸ் எவ்ளோ வச்சீங்க, அத சொல்லுங்க.

ஷூட்ராக்_செந்தில்
38. செட் ஆக ஆறு மணி நேரம் கூடுதல். இந்த தடவ ப்ளக் பம்ப் ஆனப்ப கம்பெனி மேன் கைகுடுக்க வந்தாரு, இருங்க சார்னு சொல்லிட்டேன். லாகு வர்ற வியாழக்கிழமை.